மேல் விளிம்பு

கம்பு நுழைக்கிற பட்டியை எந்த ஓரத்தில் தைப்பது என்பதுதான் கேள்வி, வேறொன்றும் இல்லை என்று மங்கையர்க்கரசி மூன்றாவது தடவையாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாலு அங்குல அகலத்தில் ஒரு துணிக்குழாய், அவ்வளவுதான். பஞ்சு வைத்துத் தைத்த குவில்டின் முதுகில் மேல் விளிம்பை ஒட்டி அதைத் தைத்துவிட்டால், உள்ளே கம்பை விட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்கள். இதற்கு முன்னால் பத்தொன்பது குவில்டுக்குத் தைத்தாயிற்று, ரேடியோவைப் பாடவிட்டு முக்கால் மணியில் முடிக்கிற வேலை. இன்றைக்கு ஒன்றரை மணிக்குச் சாப்பிட்ட கையோடு வந்து உட்கார்ந்தவள், மணி இரண்டேகால் ஆகிறது, இன்னும் ஊசியில் நூல்கூடக் கோக்கவில்லை. காலையில் பெங்களூரிலிருந்து தாரிணி போன் செய்திருந்தாள். கண்காட்சி நடத்துகிற பெண், எதையும் சிரித்துக்கொண்டே கேட்கிறவள். "ஆன்ட்டி, போட்டோ பாத்தோம், பிரமாதமா இருக்கு. ஆனா எந்தப் பக்கம் மேலன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல. ஆபீஸ்ல ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு சண்டை போடறாங்க." மங்கையும் கூடச் சிரித்தாள். நானே பட்டி தைத்து அனுப்பிவிடுகிறேன்மா, அப்போது தெரிந்துவிடும் என்றாள். சிரித்தது அவளுடைய வாய்தான். போனை வைத்த பிறகு சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். நாலு மணிக்குக் கூரியர் ஆள் வந்துவிடுவார். நாளைக்குக் காலையில் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், மறுநாள் பைபாஸ். அதற்கப்புறம் எத்தனை வாரத்துக்கு ஊசியைத் தொட முடியுமோ. எதுவானாலும் இன்றைக்கே முடித்தாக வேண்டும்.

படுக்கையறைக்கும் ஹாலுக்கும் நடுவில் உள்ள இந்தச் சின்ன அறையில் மின்விசிறி ஓடுகிறதே தவிரக் காற்று வரவில்லை. திருச்சி வெயில் ஜன்னல் திரையைத் துணி என்றே மதிக்காது. தரையில் பாய் விரித்து அதன்மேல் குவில்டைப் போட்டிருந்தாள். ஐந்தடி நீளம், மூன்றடி அகலம். மேல் துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி, மூன்றையும் சேர்த்து ஓடுகிற தையல். பக்கத்து வீட்டம்மா ஒவ்வொரு தடவையும் தவறாமல் கேட்பாள், "போத்திக்கவும் கூடாது, விரிக்கவும் கூடாதுன்னா எதுக்குங்க இவ்வளவு பஞ்சு?" நியாயமான கேள்விதான். ஹாலில் இருக்கிற மனிதர் இதற்கெல்லாம் கந்தல் மாளிகை என்று பெயர் வைத்திருக்கிறார். மாளிகை என்பது சரி. மங்கைக்குக் கட்டடங்களைத் தவிர வேறெதையும் தைக்க வராது. பூ வராது, மயில் வராது, மாங்காய் வராது. பதினெட்டு வயதில் ஐ.டி.ஐ.யில் சிவில் படம் வரையக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் கேக்கை வெட்டினமாதிரி நடுவே வெட்டித்தான் அவளுக்குத் தெரியும். சுவரின் தடிமன், தளத்தின் தடிமன், நடுவில் மிச்சம் இருக்கிற வெற்றிடம். ஜங்ஷன் மேம்பாலப் படிக்கட்டு, ஹவுசிங் போர்டு குடியிருப்பின் ஓட்டை ஓட்டையான சிமென்ட் ஜன்னல்கள், காலனிக்கு நடுவே நாலு காலில் நிற்கிற தண்ணீர்த் தொட்டி, எல்லாம் அவள் கையில் வெறும் கோடும் கட்டமும் நிறமுமாகப் போய்விடும். பார்க்கிறவர்கள் தொட்டி என்றா கண்டுபிடிப்பார்கள், ஏதோ நன்றாக இருக்கிறது என்பார்கள். ஒரு தடவை கோயம்புத்தூரில் ஒரு பெரியவர், எல்லாம் சரி, ஒரு மனுஷக் குஞ்சைக்கூடக் காணோமே அம்மா என்றார். மனுஷர்களைத் தைப்பது கஷ்டம் சார் என்று சொல்லிச் சமாளித்தாள். அது பொய். கான்கிரீட் தளத்துக்கு அடியில் ஒரு ஆளைக் கொண்டுபோய் நிறுத்த அவளால் ஆகாது. துணியில்கூட ஆகாது.

இந்த இருபதாவது குவில்டு ரயில்வே பிளாட்பாரக் கூரை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தது. சத்தியமாக அப்படித்தான். கடுக்காய்த் தண்ணீரில் துணியை ஊறவைத்து, துருப்பிடித்த ஆணி போட்ட தண்ணீரில் முக்கி எடுத்தால் ஒரு சாம்பல் நிறம் வரும், புதுசாய்ப் பலகை பிரித்த கான்கிரீட்டின் நிறம். அந்தத் துணி முழுக்க. அதில் ஒரு நீள ஓரத்திலிருந்து நாலு விரற்கடை உள்ளே தள்ளி, கால் அங்குல அகலத்தில் செங்காவியில் ஒரு நீண்ட கோடு. கோட்டை ஒட்டி அதே செங்காவியில் சின்னச் சின்னச் சதுரங்கள், பதினேழு. கூரையின் ஆணிகள் என்று அவற்றுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். மூன்றரை மாசம் தைத்தாள். ஒரு நாள் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது என்ன தைத்திருக்கிறாள் என்பது தெரிந்துவிட்டது. அப்போதே பிரித்துப் போட்டிருக்கலாம். பிரித்துப் போடவில்லை. இன்னும் கொஞ்சம் நெருக்கமாகத் தைத்தாள். புண்ணை நோண்டுகிற விரல் சொன்னால் கேட்குமா என்ன.

நீளவாட்டில் ஒரு செவ்வகம், உள்ளே ஒரு ஓரத்தில் கோடும் புள்ளியும். மேலா கீழா என்று அதைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? அவளால்கூட முடியவில்லையே. எழுத்து இருந்தால்தான் சொல்லலாம், எழுத்து நேராக இருக்கிற பக்கம் நேர்ப்பக்கம். எழுத்து எப்போதும் அவளுடைய இலாகா. புருஷன் தாயுமானவன் நல்ல இன்ஜினியர், அவர் கணக்குப் போட்ட தளத்தில் யானையைக் கட்டலாம் என்பார்கள், ஆனால் கையெழுத்து கோழி கிளறினதுதான். அதனால் கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்து ஓர் ஏற்பாடு. ஒரே மேஜை. கிழக்குப் பக்கம் அவர், மேற்குப் பக்கம் அவள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்த மேஜைதான் குடும்பம். அவர் பென்சிலால் கோடு மட்டும் போடுவார், ஒரு எழுத்து எழுதமாட்டார். வாயால் சொல்லிக்கொண்டே போவார், பத்து எம்.எம்., ஆறு அங்குல இடைவெளி, அப்புறம் வளைவு. எதிரே உட்கார்ந்து அவள் அதைத் தலைகீழாகவே படித்துவிடுவாள். படித்துப் படித்து, நேராக இருக்கிற படத்தைவிடத் தலைகீழாக இருக்கிற படம்தான் அவளுக்குச் சட்டென்று புரியும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. அவர் தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளுவார். அவள் அதன்மேல் டிரேசிங் ஷீட்டைப் பரப்பி மையால் வரைந்து எழுத்துப் போடுவாள். பதினாலு வருஷம் இப்படித்தான் நடந்தது. சைட்டில் மேஸ்திரிகள் சொல்வார்களாம், அம்மா போட்ட படம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம் என்று. அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

துறையூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் தூணே இல்லாமல் ஒன்பதடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற போர்டிகோ, மாப்பிள்ளை கார் அதற்கடியில்தான் வந்து நிற்க வேண்டும் என்று மண்டபக்காரருக்கு ஆசை. இரண்டு பக்கமும் சுவரில் உட்கார்ந்த தளத்துக்குக் கம்பி அடியில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு நீட்டி நிற்கிற தளத்துக்குக் கம்பி மேலே இருக்க வேண்டும். இதைக் கட்டட வேலையில் ஒரு மாசம் இருந்தவன்கூடச் சொல்வான், மங்கைக்குத் தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் தெரியும். தெரிந்து என்ன. அந்தப் படத்தில் கம்பியைக் காட்டுவது ஓரத்தில் வட்டம் போட்டு வெட்டிக் காட்டிய ஒரே ஒரு சின்னப் படம். சுவர் இல்லை, தரை இல்லை, ஒரு செவ்வகம், ஒரு கோடு, சில புள்ளிகள். அன்றைக்கு அவர் அதைப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் எதிரே. அப்புறம் தாள் அவள் பக்கம் வந்தது. எப்படி வந்தது? அவர் வழக்கம்போலத் திருப்பித் தள்ளினாரா, இல்லை அவளே கையை நீட்டி அப்படியே இழுத்துக்கொண்டாளா? இருபத்தெட்டு வருஷமாக இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு கிடக்கிறாள். கண்ணை மூடினால் இரண்டும் தெரிகிறது. அவருடைய கை தாளைச் சுற்றுவது தெரிகிறது, சுண்டுவிரல் நகத்தில் பென்சில் கரி உட்பட. அவளுடைய கை நீள்வதும் தெரிகிறது, கண்ணாடி வளையல் மேஜை விளிம்பில் இடிப்பது உட்பட. எது நடந்தது, எது அவளாகப் போட்டுப் பார்த்தது என்று பிரிக்க முடியவில்லை. போட்டுப் போட்டு இரண்டும் ஒரே மாதிரி தேய்ந்துவிட்டன.

தளத்தைத் தாங்கிய பலகையும் முட்டும் பிரித்த அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மத்தியானம் சித்தாள்கள் வெயிலுக்கு ஒதுங்கி அதற்கடியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் கை கழுவ எழுந்து போயிருக்கிறார்கள். பவளாயி என்ற பெண் மட்டும் தூக்குவாளியை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள், தளம் அவள்மேல் இறங்கிவிட்டது. முப்பத்திரண்டு வயது. மங்கை அவளைப் பார்த்ததே இல்லை, பேப்பரில் ரேஷன் கார்டு போட்டோ ஒன்று வந்தது, நாலு பேராக நிற்கிற படத்திலிருந்து வெட்டி எடுத்தது, தோளில் வேறு யாரோ ஒருவருடைய கை. யார் கையாக இருக்கும் என்று அந்த வாரம் முழுக்க யோசித்தாள். புருஷன் கையா, அம்மா கையா. அதை யோசிக்கிற மட்டும் மற்றதை யோசிக்காமல் இருக்கலாம் அல்லவா, மனசு அவ்வளவு தந்திரக்காரி. கம்பி அடியில் கட்டியிருந்தது என்று உடைந்த தளத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கம்பி கட்டிய சூசை என்பவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. லால்குடிப் பக்கத்து ஆள், ஐம்பது வயது, ஒரு தடவை வீட்டுக்கு வந்து படம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். உள்ளே வாங்க என்றதற்கு, கால்ல சிமிட்டிங்கம்மா என்று வாசலிலேயே நின்றவர். வழக்கு நாலு வருஷம் இழுத்து, ஒன்றரை வருஷம் தண்டனை. மங்கை கோர்ட்டுப் பக்கம் போகவில்லை, தாயுமானவனும் போகச் சொல்லவில்லை. தீர்ப்பு வந்த அன்றைக்கு அவர் ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றார். அவளும் வற்புறுத்தவில்லை.

படம் சரியாக இருந்தால் தப்பு சூசையுடையது. படம் தலைகீழாக இருந்தால் தப்பு அவளுடையது. இவ்வளவுதான் விஷயம், பட்டி தைக்கிறமாதிரி சின்ன விஷயம், இந்த ஓரம் இல்லையென்றால் அந்த ஓரம். படத்தை எடுத்துப் பார்த்தால் தீர்ந்துவிடும். பார்க்கத்தான் படம் இல்லை. விபத்து நடந்த மறுநாள் காலையில் அவர் ஒரு தாளோடு வந்தார். "சைட்டுல இருந்த பிரின்ட் இடிபாட்டுல மாட்டிக்கிச்சு. ஒரிஜினல்ல மை கசிஞ்சு கிடக்கு. புதுசா ஒண்ணு போட்டுடு, மங்கை. தேதி மட்டும் பழசே போடு." நகல் எடுக்கிற படத்துக்கு மூலப் படத்தின் தேதிதானே போடுவார்கள், அதில் ஒன்றும் இல்லை என்று எண்ணிக்கொண்டாள். எண்ணிக்கொண்டாளா? அந்த நேரத்தில் அப்படித்தான் எண்ணினாள் என்று இத்தனை வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவர் கொடுத்த தாளில் அதே செவ்வகம், கோடு, புள்ளிகள். ஆனால் கோட்டுக்குப் பக்கத்தில் அவருடைய கோழிக்கிளறல் கையெழுத்தில் மேல் என்று எழுதி அடியில் இரண்டு கோடு. பதினாலு வருஷத்தில் ஒரு எழுத்து எழுதாத மனுஷன். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கால் விரல்கள் ஜில்லிட்டன. ஏன் எழுதினீர்கள் என்று கேட்டிருக்கலாம். ஒரு சாவு விழுந்திருக்கிறது, மனுஷன் பயந்துபோய் எழுதியிருப்பார், அவ்வளவுதான் என்று தோன்றியது. கேட்கவில்லை. உட்கார்ந்து படத்தைப் போட்டாள். மதியத்துக்குள் முடித்தாள். ஆயுசில் அவள் போட்ட படங்களிலேயே சுத்தமான படம் அது. ஒரு பிசிறு இல்லை, ஒரு மை சொட்டு இல்லை, எழுத்தெல்லாம் அச்சடித்தமாதிரி. பழைய ஒரிஜினலை அப்புறம் அவள் தேடாத இடம் கிடையாது. பரண், பீரோ, அவருடைய ஆபீஸ் டிரங்குப் பெட்டி. எங்கும் இல்லை. எங்கே என்று கேட்கவும் இல்லை. அதற்கப்புறம் மெல்ல மெல்ல எதிரெதிரே உட்காருவது நின்றுபோனது. கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று ஊருக்குக் காரணம் சொன்னார்கள், கம்ப்யூட்டர் வந்தது அதற்கு ஆறு வருஷம் கழித்து. மேஜையைப் பழைய சாமான்காரருக்குக் கொடுத்த அன்றைக்குத்தான் முதல் குவில்டுக்குத் துணி வெட்டினாள்.

ஹாலில் அவர் இருமுகிறார். மார்பில் கை வைத்துக்கொண்டு இருமுகிற இருமல், அவளுக்கு இங்கிருந்தே தெரியும். நாளை மறுநாள் காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார், ஒன்றும் பயமில்லை பாட்டி என்கிறார், அறுபத்திரண்டு வயதில் பாட்டியாம். இருந்தாலும் எழுபது வயது நெஞ்சு. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? ஆகாது, ஆகாது என்று வாயில் விரலை வைத்துக்கொண்டாள். ஆனால் அந்த நினைப்புக்குப் பின்னாலேயே இன்னொன்று ஓட்டமாக வந்து நின்றது. அவர் போய்விட்டால் அன்றைக்குத் தாள் எப்படி வந்தது என்பது தெரிந்த ஒரே ஆள் போய்விடுவார். அதற்கப்புறம் கேட்கவே வேண்டியதில்லை. சீ, என்ன பெண் பிள்ளை நீ! உயிரோடு இருக்கிற புருஷனை வைத்துக்கொண்டு இப்படியா நினைப்பார்கள். நினைத்துவிட்டாளே. அதில் பயம் பாதி, நிம்மதி பாதி இருந்ததையும் பார்த்துவிட்டாள். அந்த நிம்மதியைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. மூக்கைச் சிந்தி, ஊசியில் நூல் கோத்து, முடிச்சும் போட்டாள்.

குவில்டைத் தூக்கி பீரோவின் மேல் தொங்கவிட்டாள். செங்காவிக் கோடு மேலே. பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது, நெற்றியில் இட்டமாதிரி. சரி, இதுதான் என்று நாலு குண்டூசி குத்தினாள். அப்படியானால் சூசைதான் தப்பாகக் கட்டினார் என்று ஆகிறது. வாசலிலேயே நின்ற மனுஷன், கால்ல சிமிட்டி என்றவர். குண்டூசிகளைப் பிடுங்கினாள். திருப்பித் தொங்கவிட்டாள். கோடு கீழே. இதுவும் நன்றாக இருக்கிறது, இன்னும் கனமாக இருக்கிறது, தாரிணிக்கு இதுதான் பிடிக்கும். மறுபடி நாலு குண்டூசி. இப்போது பவளாயி அதற்கடியில் வந்து உட்கார்ந்துவிட்டாள், தூக்குவாளியை மூடிக்கொண்டு. பிடுங்கினாள். ஒன்று கட்டைவிரலில் ஏறி ஒரு சொட்டு ரத்தம் வந்தது, துணியில் படாமல் வாயில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அந்த அற்புதமான யோசனை வந்தது. நெட்டுக்குத்தாக மாட்டிவிட்டால்? ஐந்தடியும் உயரம், மூன்றடி அகலம். கோடு பக்கவாட்டில் போய்விடும். மேலும் இல்லை, கீழும் இல்லை, பார்க்கிறவர்களுக்கு ஏதோ ஒரு தூண். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. அவசரமாகத் திருப்பினாள், பட்டியை எடுத்து வைத்தாள், முதல் தையலைப் போட்டாள், இரண்டாவது, மூன்றாவது. கை ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. தப்பிக்க வழி தெரிந்துவிட்டால் இந்தக் கைக்குத்தான் எவ்வளவு சுறுசுறுப்பு. எட்டாவது தையலில் நிறுத்தினாள். இருபத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் எல்லாமே இப்படித்தான் பக்கவாட்டில் மாட்டித் தொங்குகிறது, இதையுமா என்று தோன்றியது. நூலை அறுத்தாள். குவில்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

சாப்பாட்டு மேஜையில் அவர் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். பனியன் இப்போதெல்லாம் அவருக்குத் தொளதொளவென்று இருக்கிறது. அவள் ரிப்போர்ட்டுகளை ஒதுக்கிவிட்டுக் குவில்டை மேஜையில் விரித்தாள், அவருக்கு எதிர்ப் பக்கம் போய் நின்றாள்.

"என்னங்க, இதுல எது மேல?"

அவர் குவில்டைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "பட்டி தைக்கணுமா? எந்தப் பக்கம் வேணா தையேன். பாக்கறவனுக்கு என்ன தெரியப்போவுது."

"பட்டிக்குக் கேக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பனியனில் துடைத்தார், நிதானமாக, இரண்டு பக்கமும். "நீ இதத் தைக்கிறேன்னு மூணு மாசமா எனக்குத் தெரியும், மங்கை. கதவத் தாண்டிப் போறப்ப ஒரு நாள் பாத்துட்டேன். அதுக்கப்பறம் அந்த ரூமுக்குள்ள வர்றதுக்குக் கால் வரல."

"அன்னைக்கு நீங்க திருப்பி வச்சீங்களா? நானா இழுத்துக்கிட்டேனா?"

கேட்டுவிட்டாள். கேட்க இவ்வளவு சின்ன வார்த்தைகள்தானா என்று ஆச்சரியமாக இருந்தது. அவர் உள்ளங்கையைச் செங்காவிக் கோட்டின்மேல் வைத்தார். "போன் அடிச்சுது. அப்படியே போட்டுட்டு எந்திரிச்சுட்டேன். திரும்பி வந்தப்ப நீ பாதி மை போட்டிருந்தே. நான் குனிஞ்சுகூடப் பாக்கல."

ஆக, இழுத்துக்கொண்டது அவள். இத்தனை வருஷம் பயந்த இடி தலையில் விழுந்துவிட்டது, ஆனால் அவள் விழவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தப்புதான், என் தப்புதான் என்று உள்ளே சொல்லிப் பார்த்தாள். பழகின வார்த்தையாக இருந்தது, ரொம்ப நாளாகக் கூடவே குடியிருக்கிறவர்களுடைய பெயர்மாதிரி. அழலாம் என்று இருந்தது. அவர் மட்டும் தெரிந்துகொண்டே காப்பாற்றியிருக்கிறாரே என்று ஒரு கணம் அந்த எலும்பும் தோலுமான கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது.

"அப்ப சூசை தப்பா கட்டல" என்றாள்.

"அவன் என்கிட்ட கேட்டான்."

"என்ன கேட்டாரு?"

"கம்பி கட்டற அன்னைக்குக் காலைல. சார், இது நீட்டிக்கிட்டு நிக்கிற தளமாச்சே, கம்பி மேலல்ல வரணும், படத்துல கீழ இருக்கேன்னான். நான் ஸ்கூட்டர விட்டு எறங்கல. அம்மா போட்ட படம்யா, தப்பு வராது, இருக்கிறபடி கட்டுன்னுட்டுப் போயிட்டேன்." அவருக்கு மூச்சு வாங்கியது. "ரெண்டு தரம் கேட்டான், மங்கை."

"இத அவரு கோர்ட்ல சொல்லலியா?"

"சொன்னான். போலீஸ்ல சொன்னான், கோர்ட்ல சொன்னான். படத்துலயே கீழதான் போட்டிருந்துச்சு, நான் சார்கிட்டயும் கேட்டேன்னு அழுதுகிட்டே சொன்னான். ஜட்ஜ் படத்தக் காட்டச் சொன்னாரு." அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் நீ போட்ட புதுப் படத்தக் காட்டினேன்."

ஜட்ஜ் அதைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பார். ஒரு பிசிறு இல்லை, ஒரு மை சொட்டு இல்லை. கோட்டுக்குப் பக்கத்தில் மேல் என்று அச்சடித்தமாதிரி எழுதியிருக்கும், கீழே பழைய தேதி. இவ்வளவு தெளிவாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்களே, இதைப் பார்த்துமா தப்பாகக் கட்டினாய் என்று கேட்டிருப்பார். சூசை என்ன பதில் சொல்லியிருப்பார்? சாமி, இது அந்தப் படம் இல்லீங்க என்று சொல்லியிருப்பார். யார் நம்பியிருப்பார்கள், அவ்வளவு அழகான படத்தை வைத்துக்கொண்டு. முதல் படத்தில் அவள் செய்தது கை தவறிச் செய்தது. இரண்டாவது படத்தை நெஞ்சு அடித்துக்கொள்ள, கால் விரல் ஜில்லிட, கேட்க வேண்டியதைக் கேட்காமல், உட்கார்ந்து நிதானமாக வரைந்தாள். சூசையை உள்ளே தள்ளியது அந்தப் படம்.

"இப்ப இருக்காரா?" என்றாள்.

"தெரியாது. விசாரிக்கல. பயமா இருந்துச்சு" என்றார்.

மேஜைக்கு இரண்டு பக்கமும் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் அந்தச் சாம்பல் துணி. அவர் அழுதுகொண்டிருந்தார், அவள் அவரைத் தேற்றவில்லை. தப்பாக வரைந்த படத்துக்காக மங்கை இருபத்தெட்டு வருஷம் அழுதிருக்கிறாள். சரியாக வரைந்த படத்துக்காக ஒரு நாள்கூட அழுததில்லை.